சூசை மாமாவுக்குக் கொண்டுபோன சிப்பி மூட்டை

மாமனாராக வரப்போகிறவரை ஒரே நாளில் அசத்திவிடலாம் என்று கிளம்பும் வாலிபனுக்கு மண்டையில் களிமண்தான் இருக்கும். என் மண்டையில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அறுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி, பருப்பு, ஜாம் டப்பா எல்லாம் என் சாவிக்குள். எனக்கு ரோசலினைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுடைய அப்பா சூசை மாமா, ஏரிக்கு மேலே ஒரு கெஸ்ட் ஹவுஸில் பட்லர். (மாமா என்பது நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அவர் என்னைத் "தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.)

மாமாவுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். இளவயதில் யாரோ ஒரு துரையோடு மலையேறி வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். வந்த முதல் வாரம் மூக்கில் ஏறிய பனி அப்புறம் இறங்கவே இல்லை. வருடம் முழுக்க ஜலதோஷம். எந்த வாசனையும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் புட்டிங்கும் சூப்பும் பரிமாறுவார். ஆனால் அவர் மனசு ஏங்கியதெல்லாம் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிக்குத்தான். கடல் வற்றும் நேரத்தில் கத்தியால் நெம்பி எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சையாக விழுங்க வேண்டுமாம். அதைச் சொல்லும்போதே கண்ணை மூடிக்கொள்வார்.

என் அப்பா போய்ப் பெண் கேட்டார். மாமா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஊரில் அவருடைய அக்கா மகன் ஒருவன் முறை மாப்பிள்ளையாக இருக்கிறான். என்னையும் ஒருதடவை அந்தச் சனம் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாமாவின் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். சிப்பியோடுதான் திரும்புவது என்று தீர்மானம்.

நான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தது அங்கேதான். மாமாவின் தம்பி லூர்து, தண்ணீர் வற்றிய பாறைகளுக்கு என்னைக் கூட்டிப்போனார். செங்குத்தான மலைப்பாதையில் மூட்டையோடு இறங்கிப் பழகிய கால் எனக்கு. அந்தத் திமிரில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் காலை வைத்தேன். வைத்த கணத்தில் உட்கார்ந்திருந்தேன். சிப்பி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னார்கள். நான் கேட்கவில்லை.) உள்ளங்கை, பாதம், சொல்லக் கூடாத இடம் எல்லாவற்றிலும் ரத்தம். கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முறை மாப்பிள்ளை அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை, வாய்விட்டே சிரித்தான்.

என்னை அந்தச் சனத்துக்குப் பிடிக்கவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மிஞ்சியிருந்த ஒரே வழி சிப்பிதான். லூர்து அதைப் பொறுமையாக ஈரச் சாக்கில் கட்டிக்கொடுத்தார். கூடவே ஒரு டின் நிறையக் கடல்தண்ணீர்.

"இந்தத் தண்ணிய மட்டும் அப்பப்பத் தெளிச்சுக்கிட்டுப் போங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார்.

வேறு ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மதுரை வரைக்கும் சொன்னபடி தெளித்தேன். வத்தலக்குண்டில் மலை பஸ் ஏறியதும் டின் கவிழ்ந்து, பக்கத்து அம்மாவின் பொரி மூட்டை நனைந்து, பெரிய ரகளையாகிவிட்டது. கண்டக்டர் சாக்கைத் தூக்கிக் கூரைமேல் வெயிலில் போட்டார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். கடல்தண்ணீர் போனதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அங்கேதான் மலைக்காரன் புத்தி வேலை செய்தது.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கீழே இருந்து வாடி வதங்கி வரும் எதையும் எங்கள் தண்ணீரில் போட்டால் உயிர் வந்துவிடும். கருவேப்பிலை நிமிரும், மல்லிகை விரியும், வாந்தியெடுத்துச் சுருண்ட டூரிஸ்ட்கூட முகம் கழுவியதும் எழுந்து போட்டோ பிடிப்பான். சிப்பிக்கு மட்டும் இது பொருந்தாது என்று எனக்கு எப்படித் தோன்றும்? வெள்ளி அருவியில் பஸ் நின்றதும் கூரைமேல் ஏறி, பஸ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்த வாளியாலேயே சாக்கைக் குளிப்பாட்டினேன். ஊர் வந்ததும் மாமா குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஊற்றுத் தொட்டியில் மொத்தத்தையும் கொட்டினேன்.

மாமா வேலையில் இருந்தார். ரோசலின்தான் வந்து பார்த்தாள். அவளும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ஏங்க, ஒரு மாதிரி வாடை அடிக்குதே."

கடல் வாடை அப்படித்தான் இருக்கும் என்று, பத்துத் தலைமுறையாக வலை வீசியவன்போலச் சொன்னேன். பாவம், நம்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல தண்ணீர் குடிக்க வாய் திறக்கின்றன என்று ரோசலினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் இன்னொரு யோசனை வந்தது. சாயங்காலம் மாமா முன்னால் தின்னும்போது முகம் கோணக் கூடாதே, இப்போதே பழகிக்கொண்டால் என்ன? அவள் உள்ளே போனதும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சிலதை விழுங்கினேன். அந்த ருசியை எழுத வேண்டாம். மாமா இதற்காகவா இத்தனை வருடம் ஏங்கினார் என்று அவர்மேல் இரக்கம் வந்தது.

சாயங்காலம் என் அப்பா வந்தார், மாதா கோயில் உபதேசியார் வந்தார். மாமா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்டமாக வந்தார். கெஸ்ட் ஹவுஸின் நல்ல பீங்கான் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார், வெட்டிய எலுமிச்சம்பழத்தோடு. தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குனிந்து ஒரு சிப்பியை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினார். ஒன்றுவிடாமல் தட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"உசுரு இருந்தா, தட்டுனதும் வாய மூடும் தம்பி" என்றார். "இதுல ஒண்ணுகூட மூடல."

அவர் அந்த வெறுந்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் நான் செத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெண்ணும் போச்சு, மானமும் போச்சு. அதைவிட, ஆசை ஆசையாக ஓடிவந்த மனுஷனை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்ற துக்கம் நெஞ்சை அடைத்தது. அடைத்தது துக்கம் மட்டுமல்ல என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

"நீங்க எதும் தின்னீங்களா?" என்று மாமா கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதில் மாமாவின் வெள்ளைக் கோட்டு மேலேயே விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உபதேசியார் எனக்குக் கடைசி ஜெபம் சொல்லலாமா என்று அப்பாவிடம் விசாரித்தாராம். மாமாவின் கட்டிலிலேயே கிடந்தேன். ரோசலின் ஓமத்தண்ணீரும் வாந்தி பிடிக்கும் பேசினுமாக மாறி மாறி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கெஸ்ட் ஹவுஸுக்கும் அந்தத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர். அங்கே குளித்த துரைசாணி, தண்ணீர் நாறுகிறது என்று புகார் செய்ததும் மாமாவின் தலையில்தான் விடிந்தது.

மறுநாள் நான் எழுந்து உட்கார்ந்ததும், அக்கா மகனுக்கே பெண்ணைக் கொடுங்கள் என்று நானே சொல்லிவிடுவது என்றிருந்தேன். மாமா என்னைப் பேசவிடவில்லை. என் அப்பாவைப் பார்த்தே பேசினார்.

"அண்ணாச்சி, நான் இந்த மலைக்கு வந்து இம்புட்டு வருசத்துல, எனக்குன்னு ஒரு சிப்பிய எவனும் தூக்கிட்டு வந்ததில்ல. என் கூடப்பொறந்தவனுங்களும்தான். பொண்ணக் குடுத்துடுறேன். எது வாசம், எது நாத்தம்னு சொல்ல இவருக்குப் பக்கத்துல ஒரு ஆளு வேணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிப்பிச் செலவில் அழுகைதான் பாக்கி இருந்தது, அதுவும் ஆயிற்று.

மாமா அதற்குப் பிறகும் சிப்பி தின்னவில்லை. ஊருக்குப் போகலாம் என்று ஒவ்வொரு சீசன் முடிவிலும் சொல்வார். அடுத்த சீசன் வந்துவிடும். மலையிலேயே கண்ணை மூடினார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் மட்டும் இது தீராத கேலி. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் எனக்கு வாய் திறந்துகொள்ளும். ரோசலின் வந்து விரல் முட்டியால் நெற்றியில் தட்டுவாள். நான் வாயை மூடுவேன். "உசுரு இருக்கு" என்று பிள்ளைகளிடம் அறிவிப்பாள். பிள்ளைகள் பழகி, பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். விருந்தாளிகள் முன்னாலும் தட்டுவார்கள்.

போன வருடம் நெஞ்சுவலி என்று என்னை மதுரையில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் ரோசலின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே தவிர, முழிப்புத்தான். நெற்றியில் தட்டினாள். கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாமே என்று வாயைத் திறந்தபடியே கிடந்தேன். மறுபடி தட்டினாள். அந்த விரல் நடுங்கியது.

சட்டென்று மூடிக்கொண்டேன்.