உப்புச் சர்க்கரைக்கு முன் ஒரு வார்த்தை

பனமரத்துப்பட்டி
ஐப்பசி, 1983

அன்புள்ள மச்சான் தங்கசாமி அவர்களுக்கு, கந்தப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பாவாயியும் நலம். மகன் மணியன் நலம். எருமை கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். அங்கே நீங்களும் மருமகள் கண்ணாத்தாளும் சுகமாக இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கண்ணாத்தாளை மணியனுக்கே கொடுப்பதாக எழுதியிருந்ததைப் படித்ததும் பாவாயி அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். ஆட்சேபணை இருந்தால் மட்டும் பதில் போடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை முதல் புதன்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ள நாங்களே வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: ‘சின்ன வயசுல ஒரு எடத்துல நிக்கமாட்டானே, இப்ப அடங்கிட்டானுங்களா?’ உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அதனால் அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அடங்கிவிட்டான் என்று எழுதினால் பொய். அடங்கவில்லை என்று எழுதினாலும் பொய்.

சின்ன வயசுக் கூத்தெல்லாம் உங்களுக்கே தெரியும். தாய்மாமன் என்று உங்கள் மடியில்தானே உட்கார வைத்துக் காது குத்தினோம்? ஒரு காது குத்தி முடிப்பதற்குள் துள்ளி எழுந்து ஓடினான், ஆசாரி ஊசியோடு கிணற்று மேடு வரைக்கும் துரத்திப் பார்த்து மூச்சு வாங்கித் திரும்பி வந்தார், இன்றைக்கும் அவனுக்கு ஒரு காதில்தான் ஓட்டை. ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மணியை அடித்துவிட்டான், பள்ளிக்கூடம் மொத்தமும் பதினொரு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டது, வாத்தியார் என்னிடம் வந்து, “இவன் கெட்ட பையன் இல்லீங்க, இவனால உக்கார முடியலீங்க, அவ்வளவுதான்” என்றார். வயசானால் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். அந்த எருமையை வாங்கிய கதை ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள், வயலில் தண்ணீர் மடை தாண்டி ஓடுகிறதாம்.

வந்துவிட்டேன். மடையைத் திருப்பப் போனவன் வேலி சாய்ந்திருந்ததைப் பார்த்தேன், அதைக் கட்டக் கயிறு தேடியதில் போன வருஷம் தொலைத்த அரிவாள் கிடைத்தது. மடையை இனிமேல்தான் திருப்ப வேண்டும். எங்கே விட்டேன்? ஆமாம், மணியன்.

இப்போது அவன் ஓடுவதில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் பட்டறையில் பாருங்கள், எப்போதும் நாலு மோட்டார் பிரித்துக் கிடக்கும், ஒன்றும் மூடியிருக்காது, ஒன்றைக் கட்டும்போதே இன்னொன்றுக்கு யோசனை வந்துவிடும். சேலத்துப் பட்டறையில் சரிபண்ண முடியாது என்று கைவிட்ட மோட்டார் ஒன்றைக் காலையில் எடுத்து உட்கார்ந்தவன், சோறு தண்ணீர் இல்லாமல், கூப்பிட்டால் காது கேட்காமல், சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க பஸ் மேலே ஏற்றினான், வழியில் டீ குடிக்க இறங்கினான், வேறு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். மோட்டார் மட்டும் தனியாக ராசிபுரம் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு அவனை நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு, “மறக்கோணும்னு மறக்கறதில்லீங்கப்பா. ஒரு வேல செய்யறப்ப இன்னொரு வேல வந்து கையப் புடிச்சு இழுக்குதுங்க. எனக்கே எம்மேல கோவமா வருதுங்க” என்றான். சின்ன வயசில் கால் ஓடியது, நாங்கள் துரத்திப் பிடித்தோம். இப்போது மனசு ஓடுகிறது, அதை யார் துரத்திப் பிடிப்பது?

அவன் என் மகன்தான், ஆனால் கண்ணாத்தாளும் எனக்குப் பிள்ளை மாதிரி. தெரிந்தே அவளை இதில் மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆகவே புதன்கிழமை வர வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம். இதைப் பாவாயியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறுசுகளுக்கு ஆசீர்வாதம். தண்ணீர் பாயும் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே போய் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
கந்தப்பன்

பின்குறிப்பு (1984, ஆடி மாதம்): மச்சான், இந்தக் கடிதம் நேற்றுத்தான் மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே கிடைத்தது. கண்டெடுத்தது உங்கள் மகள். நான் இதைத் தபாலில் போட்டதாகவே நினைத்திருந்தேன். புதன்கிழமை நீங்கள் உப்பும் சர்க்கரையுமாக வந்து இறங்கியதும், இவ்வளவும் படித்த பிறகும் வருகிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்துத்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்யாணத்தன்று, “எல்லாந் தெரிஞ்சும் பொண்ணக் குடுக்கறீங்களே மச்சான்” என்றேன். “தெரியாமையா குடுப்பாங்க மாப்பிள்ள” என்றீர்களே, உங்களுக்கு என்னதான் தெரிந்திருந்தது?

கண்ணாத்தாள் முழுக்கப் படித்தாள். அவள் சொன்னதை எழுதும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டறையில் இப்போது ஒரு மோட்டாரை மூடாமல் இன்னொன்றைப் பிரிக்க அவள் விடுவதில்லை, பக்கத்திலேயே முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவனும் சிரித்துக்கொண்டே வேலையை முடிக்கிறான். படித்து முடித்துவிட்டு, “அவரு பரவால்லீங்க மாமா, பக்கத்துல ஒருத்தரு உக்காந்தாப் போதும். உங்க பக்கத்துல உக்கார ஆளு வேணுமுங்களே, அத்தை எப்படித்தான் இத்தன வருசம் ஓட்டுனாங்களோ!” என்றாள். பாவாயி அடுப்படியில் இருந்து வெளியே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலையில் நான் போட்டுவிட்டு மறந்த கிணற்று மோட்டாரை நிறுத்தப் போனாள்.

இதை இனி அனுப்ப வேண்டியதில்லை என்றேன். எங்கப்பனும் படிக்கட்டும் என்று கண்ணாத்தாள் சொல்லிவிட்டாள். அவளே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறாள். என்னிடமும் கொடுக்க மாட்டாளாம், மணியனிடமும் கொடுக்க மாட்டாளாம்.