இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு கம்பளி

நிம்போளி, சாதாரா ஜில்லா
வியாழக்கிழமை

மகாகனம் பொருந்திய பாவுஜி வசந்த்ராவ் அவர்களின் பாதங்களைத் தொட்டு, அக்கா புருஷன் என்ற மரியாதையிலும் நாவலாசிரியர் என்ற பயத்திலும் மைத்துனன் திகம்பர் கோப்கர் எழுதிக்கொள்வது.

கண்டோபா அருளால் இங்கு யாவரும் சுகம். அங்கு என் அக்கா, உங்கள் முழங்கால், அச்சில் இருக்கும் உங்கள் நாவலின் இரண்டாம் பதிப்பு மூன்றும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடந்த உங்கள் கல்யாணத்தின் குளிரை முப்பத்திரண்டு வருடமாகியும் நீங்கள் சொல்லிக்காட்டுவதாக அக்கா எழுதியிருந்தாள். பெரிய மனசு பண்ணி அதை மறந்துவிட்டு, இந்தக் கடிதத்தைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பதில் வராவிட்டால் முப்பத்தொரு வருடமாக என் இடுப்பில் தொங்கும் நூலகச் சாவி என் இடுப்பில் இருக்காது.

எங்கள் ஊர்க்காரர்கள் சரித்திர நாவலை எப்படிப் படிக்கிறார்கள் என்பது அதை எழுதும் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. முதல் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. நேராகக் கடைசியில் இருக்கும் பெயர் அட்டவணைக்குப் போவார்கள், குடும்பப் பெயரை விரல் வைத்துத் தேடுவார்கள், அந்தப் பக்கத்தை மட்டும் நின்றபடியே படிப்பார்கள். தலைக்கு மேலே கோட்டை நிற்கிற ஊர் இது. யார் வீட்டு மூதாதையும் சும்மா இருந்ததாக இங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூதாதை வாளைச் சுழற்றினால் புத்தகம் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தி வரைக்கும் சுற்றும், குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடினால் என் மேஜையில் தொப்பென்று விழும். அதனால்தான் நான் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் குடும்பம், எந்த நாவல், எந்தப் பக்கம். வீரம் என்றால் டிக், ஓட்டம் என்றால் வட்டம், துரோகம் என்றால் பெருக்கல் குறி. டிக் அடித்ததை அவரவருக்குச் சிபாரிசு செய்வேன். பெருக்கல் குறியை யாராவது கேட்டால், "அது பைண்டிங்குக்குப் போயிருக்குங்க" என்பேன். இப்படித்தான் இந்த ஊரில் முப்பத்தொரு வருடம் கைகலப்பு இல்லாமல் வாசிப்பு வளர்ந்தது.

போன மாதம் என் வலது கண்ணில் புரை எடுக்கப் பத்து நாள் சாதாராவில் படுத்தேன். அந்தப் பத்து நாளுக்கு என் இடத்தில் வந்து, என் கண் ஆறும்வரை உதவிக்கு இருப்பவள் முக்தா. நூலகப் படிப்பில் தங்க மெடல் வாங்கியவள், நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவள். மேஜை இழுப்பறையில் அவளுக்கு நீல நோட்டு கிடைத்திருக்கிறது. என்ன அருமையான வேலை, வாசகர்களுக்குத் தெரியாமல் பூட்டி வைத்திருக்கிறாரே என்று மனம் உருகி, வாசல் கரும்பலகையில் 'உங்கள் குடும்பத்துக்கு நூலகத்தின் சிபாரிசு' என்று தலைப்புப் போட்டு, நோட்டு முழுவதையும் முத்து முத்தாக எழுதிவிட்டாள். பக்க எண் உண்டு. டிக், வட்டம், பெருக்கல் மட்டும் இல்லை. கிறுக்கல் என்று நினைத்தாளாம்!

கண்ணில் பச்சைத் துணியோடு நான் திரும்பி வந்தால், நூலகத் தலைவர் தாத்யாசாகேப் ஷிங்காடே உங்கள் நாவலில் விரலைச் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"திகம்பர்ராவ், எங்க முப்பாட்டனார் கோட்டைக் கதவை எதிரிக்குத் தெறந்து விட்டாராமே? உங்க நூலகம் எனக்குன்னு சிபாரிசு பண்ணியிருக்கு!"

"நாவல்தானே தாத்யாசாகேப், எல்லாம் கற்பனை."

"கற்பனைன்னா உங்க பாவுஜிக்கு வேற பேரே கெடைக்கலையா? சரி, தெறந்தாரு. எதுக்குத் தெறந்தாரு? ஜாகீருக்கா? பட்டத்துக்கா? குளிருதுன்னு ரெண்டு கம்பளிக்கு! துரோகத்துக்கும் ஒரு கௌரவம் வேணாமாய்யா?"

மறுநாளே ஊர் இதைப் பிடித்துக்கொண்டது பாவுஜி. மிசள் பலகாரக் கடையில் அவர் உட்கார்ந்தால் கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, "குளிருதுங்களா தாத்யாசாகேப்? போர்த்திக்க ஏதாச்சும் குடுக்கவா?" என்று வெகு அக்கறையாகக் கேட்கிறார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் யாரோ கதவைத் திறக்கச் சொல்ல, அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மனுஷர் கொதித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் என்னை நீக்கத் தீர்மானம் கொடுத்துவிட்டார். எனக்கு வேறென்ன தெரியும்? அந்தச் சாவி போனால் நான் வெறும் ஆள்.

இந்த நேரத்தில் தபால் அதிகாரி பிங்களே என்னைத் தனியாக அழைத்துப்போனார். பாவம், எந்த நாவலின் அட்டவணையிலும் அவர் குடும்பப் பெயர் கிடையாது. கரும்பலகையிலும் அவருக்கு மட்டும் சிபாரிசு இல்லை. "முந்நூறு வருஷமா எங்க வீட்டுல ஒருத்தர்கூட ஒண்ணுமே பண்ணலையாங்க? என் பொண்டாட்டி சிரிக்கிறா. ஷிங்காடேவுக்கு வேணாம்னா அந்தக் கதவை நாங்க தெறந்துக்கிறோம். கம்பளி ஒண்ணு கொறைஞ்சாலும் பரவாயில்லை!" என்றார். ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: இரண்டாம் பதிப்பில் 212-ஆம் பக்கத்தில் ஷிங்காடேயை எடுத்துவிட்டு பிங்களேயைப் போடுகிறேன் என்று தாத்யாசாகேப்புக்கு நான்கு வரி எழுதுங்கள். சரித்திரம் கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். நாவல் என்பது நாவல். அதில் வரும் ஒரு பெயருக்காக மானம் போயிற்று என்று குதிப்பது படிப்பறிவில்லாதவர் செய்கிற காரியம் என்று முக்தாவிடமும் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு என் மனைவி கொடுத்தனுப்பும் நல்லெண்ணெய். நீங்கள் நூறு நாவல் எழுதி, நூறிலும் கோட்டை விழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
திகம்பர்

பி.கு.: பிங்களே ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, உறையை ஒட்டும் நேரத்தில் தாத்யாசாகேப் ஓடி வந்தார். உங்கள் நாவலைப் படித்தவர்கள் புனேயிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். உங்கள் நாவலுக்கு எண்பத்து நான்கு பேர் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். "அது எங்க கதவு! பிங்களே யாரு அதைத் தெறக்க? பேரை மாத்தினா உங்களை நீக்குவேன், மாத்தலைன்னா தீர்மானம் வாபஸ்!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே 212-இல் கை வைக்க வேண்டாம்.

ஆனால் அவர் போனதும் முக்தா, "சார், அடுத்த பக்கத்தைப் பாத்தீங்களா?" என்றாள். நோட்டில் எங்கள் குடும்பத்தை மட்டும் நான் எழுதியதில்லை. பாரபட்சம் என்பார்கள் என்று தேடியதே கிடையாது. 213-இல், நடுங்கிக்கொண்டிருக்கும் காவலர் ஐம்பது பேருக்கு எதிரிப் பாசறையிலிருந்து இரண்டே இரண்டு கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற கஞ்சன் பெயர் கோப்கர். "இருக்கிறதே இவ்வளவுதான், அனுசரிச்சுக்கோங்க" என்கிறான். உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கம்பளி பத்தாதபோது என் அப்பா சொன்ன அதே வார்த்தை!

பாவுஜி, இது என் மானப் பிரச்சினை. அந்தப் பெயரை உடனே பிங்களே என்று மாற்றுங்கள். கம்பளிகளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஐம்பது. எண்பத்து நான்கு பேருக்கும் நான் இப்போதே சொல்லிவிட்டேன், உங்கள் நாவல் ஐந்து பிரதியும் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது.