இருபத்து மூன்றாம் மாடி மாப்பிள்ளைக்கு

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

இருபத்து மூன்றாம் மாடியில் காற்றோட்டமாகக் குடியிருக்கும் உங்களுக்கு, இரண்டாம் மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே, நீங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டியைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் என் மகளின் சுகமும் அறிய ஆவல். அவள் பக்கத்தில் இருந்தால் இதைத் தனியாக வைத்துப் படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் நாலு கேள்வி கேட்பாள், நான் சொல்ல வந்த விஷயத்தை விட்டுவிட்டு என் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். காகிதம் குறுக்கே பேசாது. தபாலில் போட்டால் பயண நாள் தாண்டித்தான் வந்து சேரும் என்பதால், எழுதி முடித்ததும் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை விமானத்தில் நாங்கள் வரவில்லை. மூன்று நாள் ஊர் சுற்றிக் காட்ட நீங்கள் ஆசை ஆசையாகப் போட்ட திட்டம் அத்தனையும் வீண். வர முடியாமல் போனதற்கு முழுக்க முழுக்க உங்கள் மாமியார்தான் பொறுப்பு. அவளுக்கு லிஃப்ட் என்றால் பயம். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மெக்கானிக்கின் மனைவிக்கு லிஃப்ட் பயமா என்று சிரிக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்ன லிஃப்ட் விபத்துக் கதைகளை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். கண் டாக்டரைப் பார்க்க ஆறாவது மாடிக்குப் போவதானாலும், அந்த முட்டி வலியோடு படியேறித்தான் போய்விட்டு வருகிறாள். இத்தனைக்கும் இந்தப் பயணத்துக்கு என்னைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள். மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து உங்கள் வீட்டைப் போன் திரையில் மட்டுமே பார்த்தவள். அந்த ஊரில் வானத்தை முட்டுகிற கோபுரம் ஒன்று இருக்கிறதாமே, அதன் உச்சியில் நின்று, நம்ம பொண்ணு எந்த மூலையில் இருக்கிறாள் என்று ஊர் முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பாள். வேறு எதுவும் கேட்கவில்லை அவள்.

உங்கள் திட்டம் வந்த அன்று வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். முதல் நாள் ஆற்றில் படகு, பிறகு கண்ணாடித் தரை போட்ட அந்தக் கோபுரம். இரண்டாம் நாள் தலைக்கு மேலே ஓடும் ரயில், ராட்சத ராட்டினம். மூன்றாம் நாள் பெரிய சந்தை, ராத்திரி மொட்டை மாடியில் சாப்பாடு. ஏன் மாப்பிள்ளை, அந்த ஊரில் தரையில் எதையும் வைக்க மாட்டார்களா? அவளுடைய பயத்தை மனதில் வைத்து நான் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, லிஃப்டில் ஏற வேண்டிய இடத்தையெல்லாம் அடித்தேன். அடித்து முடித்தபோது படகும் சந்தையில் ஒரு செருப்புக் கடையும்தான் மிஞ்சின. அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"செருப்பு வாங்கவா கடல் தாண்டிப் போறோம்?" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். நீங்க பெட்டியைப் பாருங்க."

பெட்டிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், உங்களுக்காக டிக்கெட் போட்டுக் கொடுத்தாரே பயண ஏஜென்ட், அவரைப் போய்ப் பார்த்தேன். சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்காத நல்ல மனிதர், குறைந்தபட்சம் முதல் அரை மணி நேரம். தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய ஊர்களில் ஒன்று சார், மூணு நாள் பத்தாது என்று ஒரு படப் புத்தகத்தை விரித்தார். பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ச் சேர வழி உண்டா என்று கேட்டேன். "நடுவுல கடல் இருக்கு சார்" என்றார். சரி, கப்பல்? "அதுக்குள்ள உங்க லீவு முடிஞ்சிரும்." நான் ஓய்வு பெற்றவன், எனக்கு ஏது லீவு என்றேன். பிறகு தொழில்முறை ஆர்வத்தில் சில விஷயங்கள் விசாரித்தேன். லிஃப்ட் என்றால் கடைசியாகச் சோதனை செய்த சான்றிதழை உள்ளேயே ஒட்டி வைப்போம், ஏறுகிறவர் படித்துவிட்டு ஏறலாம். விமானத்தில் அதை எங்கே ஒட்டியிருப்பார்கள்? பிரேக் நடு வழியில் பிடிக்குமா? மேலேயிருந்து அதைத் தாங்குவது என்ன, கயிறா, சங்கிலியா? அவர் படப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா சார் என்று கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இந்தக் காலத்தில் யாருக்கும் மனசு வருவதில்லை.

பெட்டி விஷயம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லிஃப்டிலும் முதலில் ஆளை ஏற்ற மாட்டோம். இரும்பு எடைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் மனுஷன் கால் வைக்கலாம். அதே முறைப்படி நீங்கள் அனுப்பிய பெட்டியையும் சோதித்துவிடலாம் என்று, பரணில் இருந்த பழைய எடைகளை இறக்கி உள்ளே அடுக்கினேன். துணிமணிதானே வைக்கப் போகிறோம், எதற்கு இந்த வேலை என்று உங்கள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்டேனா! பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். நாலாவது படியில் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, பெட்டி தன் வழியில் போய்விட்டது. கீழ்வீட்டு டீச்சர் கதவைத் திறக்கவும் பெட்டி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. அவர்கள் வீட்டு மீன்தொட்டிக்கு முன்னால் போய் நின்றதே, அதுவரைக்கும் பிழைத்தேன். சக்கரங்களில் ஒன்று மட்டும் கிடைத்தது. உங்கள் அன்பளிப்பை இப்படிச் செய்துவிட்டேனே என்று அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. டீச்சர் நல்லவர்கள், தங்கள் பெட்டியை இரவல் கொடுத்தார்கள், அதைச் சோதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இதெல்லாம் பரவாயில்லை என்று சொல்லும்படி அடுத்தது நடந்தது. உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால் இருபத்து மூன்று மாடி ஏற வேண்டும், அதற்கு அவளைப் பழக்காமல் எப்படிக் கூட்டிவருவது? நான் வேலை பார்த்த அலுவலகக் கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். எனக்குப் பிறகு வந்த மெக்கானிக் மரியாதை தெரிந்தவர், தாராளமா பாருங்க சார் என்றார். உங்கள் மாமியாரை லிஃப்டுக்குள் நிறுத்தி, மேல் மாடிப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, நான் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் நின்றுகொண்டேன். கூட நின்றிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்தான். ஆனால் மெக்கானிக் நிற்க வேண்டிய இடம் மெஷின் பக்கத்தில், காலமெல்லாம் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கயிறு அழகாக ஓடியது. அப்போது பிரேக்கிலிருந்து சின்னதாக ஒரு கிறீச் சத்தம். அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்காமலே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டது. மெஷினில் கை வைப்பதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக ஒரு திருகை இறுக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, பழைய நாள் திரும்பி வந்த சந்தோஷத்தில் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன். கீழே எங்கோ அபாய மணி அடித்தது. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமையே இல்லை என்று நினைத்தேன்.

மெக்கானிக் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், மெயினை யாரு ஆஃப் பண்ணது? உள்ள ஆள் இருக்காங்க!"

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான் சார்!"

"மெஷின் சரியில்லப்பா, தானா நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது உங்கள் மாமியாரும் அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவரும் வெளியே வந்தார்கள். என்னம்மா, மெஷின் இப்படிப் பண்ணிடுச்சே என்று கேட்டேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பதில் சொல்வது பாத்திரங்கள்தான். பயத்தில் நாக்கு உள்ளே போய்விட்டது, பாவம். இந்த நிலையில் அவளை இருபத்து மூன்றாம் மாடிக்கு இழுத்து வருவது பாவம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே இன்று காலை ஏஜென்டைப் பார்த்து முதலில் என் டிக்கெட்டை ரத்து செய்தேன். அவளுடையதையும் செய்யச் சொன்னபோது, அம்மா டிக்கெட் அம்மா போன் நம்பரில் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு ரகசிய எண் போயிருக்கும், அதைக் கேட்டுச் சொன்னால் போதும் என்றார். கேட்பதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் கேட்டுவிடுவேன். நீங்கள் படகுக்கும் கோபுரத்துக்கும் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டி சரியானதும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் அந்த முட்டி இன்னும் மோசமாகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். அவள் அந்த உச்சியில் நின்று பார்க்காமலே போய்விடுவாளோ என்னவோ. என்ன செய்வது, பயம் என்பது அப்படி.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், நின்ற லிஃப்டில் ஒருநாளும் மாட்டாமல், நீடூழி வாழ வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வர முடியாத வருத்தத்தில்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். காகிதம் மின்விசிறிக் காற்றில் பறக்கிறது, படம் பிடிக்கும் வரை ஓரத்தைப் பிடித்துக்கொள் என்று உங்கள் மாமியாரைக் கூப்பிட்டேன். புத்தி கெட்ட வேலை. பிடித்துக்கொண்டே முழுவதையும் படித்துவிட்டாள். பாத்திரத்தை விட்டு என்னிடமே பேசினாள்.

"லிஃப்ட்னா எனக்குப் பயம்னு யாரு சொன்னா?"

"கண் டாக்டர்கிட்டக்கூட படியேறித்தானே போற?"

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஆறு மாடி ஏறுவேன்னு நம்பினீங்க பாருங்க! எத்தனையோ வருஷமா லிஃப்ட்லதான் போறேன். சாப்பிடறப்ப அவ்வளவு ஆசையா பயங்காட்டுவீங்க, நான் பயப்படலன்னா உங்க முகம் வாடிப்போகுமேன்னு சொல்லாம விட்டேன்."

"அப்ப அன்னைக்கு மாட்டிக்கிட்டு, பேச்சே இல்லாம..."

"உள்ள நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கணக்குப் பாக்கற அம்மா அந்த ஊருக்குப் போயிட்டு வந்தவங்களாம், கதை கதையா சொன்னாங்க. சுவிட்சை அணைச்சது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்தேன். மெஷின் மேல பழியைப் போட்டீங்க. அதான் பேசல."

அவள் விடவில்லை. காலையில் அந்த ரகசிய எண் வந்ததுமே ஏஜென்டைக் கூப்பிட்டுப் பேசிவிட்டாளாம். பஸ், கப்பல், பிரேக், எல்லாவற்றையும் அவர் ஒப்பித்துவிட்டார்.

"பயம் உங்களுக்குத்தான். ப்ளேனுக்குக் கயிறு எங்கன்னு கேட்டீங்களாமே?"

மாப்பிள்ளை, மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஓர் ஆளையும் ஏற்றாதவன் நான். மேலே ஒரு கொக்கிகூட இல்லாமல், அத்தனை பேரை உள்ளே வைத்துக்கொண்டு அது எப்படி நிற்கிறது என்று நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அவளுக்குப் பயம் என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கோபிப்பாள் என்று நினைத்தேன். "சொல்லியிருந்தா, ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்திருப்பேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீச்சர் பெட்டியில் புடவையை அடுக்கப் போய்விட்டாள்.

உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். நான் விட்டுக்கொடுத்த இடத்தை வேறு யாரோ வாங்கிவிட்டாராம், அந்த விமானத்தில் இனி ஓர் இடமும் கிடையாதாம். அடுத்த விமானத்தில் வருகிறீர்களா என்று கேட்டார். தனியாகவா என்று கேட்டேன். தண்ணீர் குடிங்க சார் என்றார்.

ஆகவே உங்கள் மாமியார் மட்டும் நாளைக் காலை தனியாக வருகிறாள். ஜன்னல் ஓரத்து இடம் அவளுடையது. நான் அடித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துவிடுங்கள், கோபுரத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் அவளை அவசரப்படுத்தாமல், மனசு நிறைய நின்று பார்க்க விடுங்கள். விமானம் தரையிறங்கியதும் ஒரு வார்த்தை போன் பண்ணச் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் இங்கே மொட்டை மாடியில்தான் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பேன்.