பச்சை வயர் சுற்றிய சாவி

"பாதியும் எடுக்கலாம், முழுசாவும் எடுக்கலாம். உங்க விஷயத்துல ரெண்டுமே தப்பில்ல. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எலெக்ட்ரீஷியன் மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையின் ஒரு பக்கம் டாக்டரம்மா. மறுபக்கம் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ். நடுவில், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் அந்தச் சாவிக்கொத்து. அதில் ஒரு சாவியில் மட்டும் பச்சை வயர்த் துண்டு மூன்று சுற்று சுற்றி, நுனி உள்பக்கமாக மடக்கப்பட்டிருந்தது. வயரை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். கையைக் கீறாமல் இருக்க நுனியை அப்படி உள்ளே மடக்கி அழுத்துவது இந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான்.

"உங்களைத்தான் கேக்கறாங்க," என்று பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடித்தாள்.

"வாத்தியார்," என்றார்.

மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். நர்ஸின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு வேறு ஏதோ வரிக்குப் போனது.

"அப்போ குரல் முக்கியம்," என்றார் டாக்டரம்மா. "வலது பக்கம் மட்டும் ஒண்ணரை சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோய்தான், ஆனா மெதுவா வளர்ற வகை. வெளியே பரவின அடையாளம் ஸ்கேன்ல இல்ல. தைராய்டுல வலது பாதியை மட்டும் எடுத்தா, குரலுக்குப் போற நரம்பு ஒரு பக்கம்தான் கத்திக்குப் பக்கத்துல வரும். முழுசா எடுத்தா ரெண்டு பக்கமும். நாள் பூரா பேசற வேலைன்னா, பாதி போதும்."

பாதி போதும். தன் தொழிலில் அவர் ஒருநாளும் உச்சரிக்காத இரண்டு சொற்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் அந்தச் சாவிக்குரிய வீட்டில் சமையலறைக் கரண்ட் லைன் மட்டும்தான் கருகியிருந்தது. வீட்டுக்காரம்மாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. சாவி எதிர்வீட்டில் இருக்கும், பேச்செல்லாம் ஃபோனில். "நான் டியூட்டியில இருக்கேன், சுருக்கமா சொல்லுங்க," என்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்கும். யாரோ டாக்டர் வீடு என்று நினைத்துக்கொண்டார். மீட்டர் அறைச் சாவியும் பின்கதவுச் சாவியும் ஒரே மாதிரி இருந்ததால், அடையாளத்துக்கு ஒன்றில் வயர் சுற்றியது இவர்தான்.

"உங்க வீடா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது அந்தக் குரல்.

"முழுசா மாத்திடலாம்மா," என்று சொல்லி, நல்ல வயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, மூன்று வாரம் வீடு முழுக்கச் சுவரைக் கொத்தினார். அந்த வீட்டில் மட்டுமில்லை. எலெக்ட்ரிக் கடைக்காரர்கள் அவருக்கு 'முழுசு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மனைவி அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தாள். "எங்க வீட்டுக்காரர் எதையும் அரைகுறையா செய்யமாட்டார்," என்று சொந்தக்காரர்களிடம் சொல்வாள்.

வராந்தாவுக்கு வந்ததும், "எந்த ஸ்கூலு?" என்று கேட்டாள்.

"வாய்க்கு வந்துடுச்சு. எலெக்ட்ரீஷியன்னு சொன்னா மதிக்கமாட்டாங்களோன்னு…"

"இருபத்தாறு வருஷமா நான் மதிச்சிட்டுத்தானே இருக்கேன்?"

பஸ்ஸில் அவர் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் யோசித்தார். வாத்தியார் என்று சொன்னதால் பாதி என்றார்கள். வாத்தியார் இல்லையென்றால் என்ன சொல்வார்கள்? உண்மையைச் சொல்லாமல் பொய்யை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி தோன்றியது. மறு வாரம், அதே சாவிக்கொத்துக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொன்னார்.

"நான் வாத்தியார்தான் டாக்டரம்மா. ஆனா ரிட்டயர் ஆயிட்டேன்."

"போன வாரமா?"

"ஆமாங்க."

"சரி. அப்போ குரலைப் பத்தி அவ்வளவு யோசிக்க வேண்டாம். முழுசா எடுத்தாலும் பரவாயில்ல. ரிப்போர்ட் பார்த்துட்டு மறுபடி ஆபரேஷன் பண்ணணுமோங்கற கவலை இருக்காது. தினமும் மாத்திரை மட்டும் சாப்பிடணும், ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் மாத்திரை என்றதும் அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "எனக்கு மறதி ஜாஸ்திங்க."

"இவருக்கா? எந்த வீட்டுல எந்த சுவிட்சுன்னு…" என்று ஆரம்பித்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "எந்தப் பையன் எந்த பெஞ்சுல உக்காந்தான்னு இன்னைக்கும் சொல்லுவார்," என்று முடித்தாள்.

அவள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. காது மடல் சுட்டது.

"மறதின்னா முழுசா வேண்டாம். மாத்திரையை விட்டா சிக்கல். பாதியே எடுப்போம். ஆனா மீதிப் பாதியைக் கண்காணிக்கணும். ஸ்கேனுக்கு விடாம வரணும்."

வருடா வருடம் இந்தச் சாவிக்கொத்துக்கு எதிரே வந்து உட்காருவதை நினைத்துப் பார்த்தார்.

"நாங்க வெளிநாட்டுல பையன்கிட்ட போயிடுவோங்க."

அவர்களுக்குப் பையன் கிடையாது. ஒரே மகள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மனைவி தரையில் இருந்த கட்டங்களை எண்ணத் தொடங்கினாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இங்க பாருங்க. இது உங்க கழுத்து. நீங்க யாருங்கறதை வெச்சுத்தான் நான் யோசனை சொல்ல முடியும். நீங்க ரெண்டு தடவை வந்திருக்கீங்க, நான் நாலு பேரைப் பார்த்துட்டேன். அதுல ஆபரேஷன் யாருக்குன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

எழுந்து போயிருக்கலாம். அப்போதுதான் தலைக்கு மேலே ட்யூப்லைட் மின்னத் தொடங்கியது.

"நாலு நாளா இப்படித்தான்," என்றார் நர்ஸ். "ஆஸ்பத்திரி ஆளு வந்து பார்த்துட்டு, இந்த ரூம் லைனையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அதெல்லாம் வேண்டாம். ஹோல்டர் லூஸு, ட்யூபைத் திருப்பி உக்காரவெச்சா போதும்."

சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அதற்குள் கை சட்டைப் பைக்குள் போய் டெஸ்டரை எடுத்திருந்தது. சுவிட்சை அணைத்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், டெஸ்டரை ஒருமுறை வைத்துப் பார்த்தார், ட்யூபைக் கால் திருப்பு திருப்பினார், இறங்கினார். சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் ஆடாமல் நின்றது.

அந்த வெளிச்சத்தில் மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"வாத்தியார்," என்றார் டாக்டரம்மா.

அவர் உட்காரவில்லை. கையில் டெஸ்டரோடு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்போல் நின்றார்.

"நான் எலெக்ட்ரீஷியன்ங்க. உங்க வீட்டுல நான்தான் வயரிங் பண்ணேன். எட்டு வருஷம் ஆச்சு. சமையல்கட்டு லைன் மட்டும்தான் போயிருந்துச்சு. என் வீடா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டீங்க. முழுசா மாத்தச் சொன்னேன். தேவையே இல்ல. அந்தச் சாவியைப் பார்த்ததுல இருந்து எனக்கு வாயில உண்மையே வரமாட்டேங்குது."

டாக்டரம்மா சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

முதலில் பேசியது மனைவிதான்.

"அப்போ எங்க அக்கா வீடு?"

"அங்க ஹாலு லைன் மட்டும்தான் போயிருந்துச்சு," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"மாடியைக்கூட விடலையே நீங்க."

"ஆமா."

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டைக் காட்டித்தான் அவள் எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பெருமை பேசுவாள்.

"வீட்டு விஷயத்தை மன்னிக்கறது என் வேலை இல்ல," என்றார் டாக்டரம்மா கடைசியில். "கழுத்து விஷயத்துக்கு வாங்க. மறதி உண்டா?"

"இல்லைங்க."

"வெளிநாடு?"

"பக்கத்து ஊர்கூட இல்லைங்க."

"ஸ்கேனுக்கு வருவீங்களா?"

"இழுத்துட்டு வர்றேன்," என்றாள் மனைவி.

இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. ஒரு வாரமாகக் கேட்கப் பயந்த கேள்வியை அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எப்படிப் பொய் சொல்வது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"உங்க கழுத்தா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பாதி," என்றார் டாக்டரம்மா, யோசிக்காமல். "கெட்டுப்போன பக்கத்தை எடுப்பேன். நல்லா இருக்கறதை எதுக்குப் பிடுங்கணும்? ரிப்போர்ட்ல வேற மாதிரி வந்தா, அப்போ மீதியையும் எடுக்க வேண்டி வரலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவர் தலையாட்டினார். கண்ணில் நீர் வந்துவிடும்போல் இருந்ததால் ட்யூப்லைட்டைப் பார்த்தார். சம்மதப் படிவத்தில் 'வலது பாதி' என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மனைவியும் போட்டாள், அவரைப் பார்க்காமல். டாக்டரம்மா வார்டுக்குக் கிளம்பிப் போனார்.

நர்ஸ் கோப்பை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பெயர், வயது, முகவரி எல்லாம் நிரம்பியிருந்தது. 'தொழில்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் நிதானமாக 'எலெக்ட்ரீஷியன்' என்று எழுதினார்.

"இத்தனை நாளா எழுதலையா சிஸ்டர்?" என்று அவர் தயங்கிக் கேட்டார். "டாக்டரம்மா வீட்டு வயரிங் ஆளு நான்தான்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோன்னுதான்…"

"அவங்க ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க, அவங்களுக்கு ஏது வீடு?" என்று சொல்லியபடி நர்ஸ் மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஃபோன்ல 'முழுசா மாத்திடலாம்மா'ன்னு சொன்ன குரல் எனக்கு மறக்குமா? நீங்க வாத்தியார்னு சொன்ன அன்னைக்கே, என்னைக்காவது உண்மையைச் சொல்லட்டும்னு அந்தக் கட்டத்தை விட்டுவெச்சேன்."