ரங்கூன் போகக் கடலின் உத்தரவு

கப்பல் துறையை அடுத்த ஜெலுத்தோங்கில் அன்று காலையிலேயே திருவிழாக் கூட்டம். கூலி வேலைக்கு நிற்கிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் கோட்டும் தொப்பியும் போட்ட படிப்பாளிகள்! சீமைக்குப் போகிற டாக்டர், சிங்கப்பூருக்குப் போகிற வாத்தியார், பி.ஏ. பாஸ் செய்த சந்திரசேகரன். கப்பல் கம்பெனி டிக்கெட் கொடுத்துவிட்டது. கடல்தான் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லையாம்!

அந்த உத்தரவை வாங்கித் தருகிறவர் சமுத்திரச் சாமியார். பித்தளைத் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் விரல் நீளத்துக்கு ஒரு தக்கைப் படகு. யாரும் தொடாமலே ஓடும். எதிர்க்கரைக்குப் போனால் பயணம் உண்டு. சாமியார் பக்கம் வந்தால் பரிகாரம் உண்டு.

மைக்கேல் கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர். ரங்கூன் துறைமுகத்தில் நல்ல வேலை காத்திருந்தது. கோயிலில் பூசை கண்ட கையோடு, பாதிரியார் கண்ணில் படாமல் இங்கே ஓடிவருவார். படகோ ஒவ்வொரு முறையும் சாமியார் மடியையே தேடி வந்தது. பரிகாரத்துக்கு மனைவி அமலம்மாளின் வளையல் போயிற்று, சங்கிலி போயிற்று, இரண்டு கப்பலும் போயிற்று. இன்று மாலைக் கப்பலையும் விட்டால் வேலை வேறு ஆளுக்கு.

இன்று அமலம்மாளும் கூடவே வந்திருந்தாள். படகு வழக்கம்போல் சாமியாரிடம் வந்தது.

"கடலம்மாவுக்குக் கோபம் தீரல தம்பி. தாலிக்கொடியை வச்சாத்தான் சாந்தமாவா."

மைக்கேல் பரிதாபமாக மனைவியின் கழுத்தைப் பார்த்தார். அடப்பாவி!

"இருங்க சாமி. நானும் கடலம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லி, அமலம்மாள் கொண்டையைத் தடவிய விரலைத் தண்ணீரில் வைத்தாள். படகு நின்றுவிட்டது. சாமியார் மந்திரத்தைக் கத்திப் பார்த்தார். அசையவில்லை.

"ஒவ்வொரு கப்பலும் தவறினப்ப இவரோட கோட்டைப் பெட்டியிலேர்ந்து எடுத்து எடுத்துத் துவைச்சேன். பூச்சிக்குப் போட்ட சூடத் துணுக்கு வாளித் தண்ணியில இப்படித்தான் ஓடுச்சு. எண்ணெய்க் கை பட்டதும் நின்னுடுச்சு. படகை எடுத்துப் பாருங்க லா!"

மைக்கேல் எடுத்துப் பார்த்தார். ஒரு முனையில் சூடம் ஒட்டியிருந்தது. சாமியார் எந்த முனையில் ஒட்டுகிறாரோ, படகு அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். கடலம்மாவின் மனசு அவ்வளவுதான்! வாசனையை மறைக்கத்தான் சுற்றிலும் அத்தனை சூட ஆராதனை.

சாமியார் நழுவப் பார்த்தார். வாத்தியார் ஜடையைப் பிடித்தார்; அது கையோடு வந்துவிட்டது. மடியிலிருந்து வளையலும் சங்கிலியும் விழுந்தன. மைக்கேல் வெட்கத்தோடு அவற்றைப் பொறுக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கப்பல் துறைக்குப் புறப்பட்டார்.

அப்போது சந்திரசேகரன், பி.ஏ., ஓடிவந்து அமலம்மாள் முன்னால் கைகூப்பினார்.

"அம்மா, உங்க விரல்ல என்னமோ சக்தி இருக்கு! எனக்கும் ஒரு வாக்கு சொல்லுங்க!"

"சக்தியும் இல்ல, கித்தியும் இல்ல. தேங்காய் எண்ணெய். உங்க தலையிலயும்தான் வழியுது. தலைக்கு எண்ணெய் வச்சா மட்டும் போதுமா அண்ணே? தலையை உபயோகிக்கவும் வேணும் லா!"