நாலு பேர் விதியும் ஒரு பன்னீர் ரோஜாவும்

விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு ரோஜாச் செடியைப் பட்டாசு ஆலைபோல நடத்தியவர் எங்கள் தெரு போர்மேன் ஒருவர்தான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேன். அவர் பொறுப்பிலிருந்த ஷெட்டுகளில் யாருக்கும் விரல் நகம்கூடக் கருகியதில்லை. இதை அவர் சொல்லமாட்டார், தெருவே சொல்லும்.

எம். புதுப்பட்டியிலிருந்து என் மனைவி கொண்டுவந்த பன்னீர் ரோஜா, பிறந்த வீட்டில் கூடை கூடையாகப் பூத்தது. என் வீட்டில் இரண்டு வருடமாக ஆள் உயரத்துக்கு முள்ளை மட்டும் வளர்த்தது. தோட்டக்கலைப் புத்தகங்கள் மூன்று படித்தேன். செடி அவற்றைப் படித்திருக்கவில்லை.

“பொங்கலுக்குள்ள பூக்கலைன்னா எங்கண்ணன் வந்து தோண்டிக் கொண்டு போயிருவாக. அங்கனயாவது பொழைச்சுக் கெடக்கட்டும்” என்றாள் மனைவி.

மைத்துனரிடம் தோற்பதா? தீபாவளி முடிந்த வாரமே போர்மேனிடம் சரணடைந்தேன்.

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். என்னையும் கழற்றவைத்தார். என் செல்போனை வாங்கி ஜன்னலில் வைத்தார். செடிக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

“அண்ணாச்சி, இது ரோஜா. வெடிக்காது.”

“எதுவுமே வெடிக்கிற வரைக்கும் வெடிக்காதுதான் தம்பி. எத்தன கிளை இருக்கு?”

“பதினொண்ணு.”

“பட்டாசு விதிப்படி ஒரு ஷெட்டுல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ஏழு பேர வெளிய அனுப்பணும்.”

காய்ந்தது, நோஞ்சான், ஒன்றோடொன்று உரசியது எல்லாம் அடியோடு போயின. மிஞ்சிய நாலையும் முழங்கால் உயரத்துக்குக் குறைத்தார். ஒவ்வொரு வெட்டும் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக.

“கதவு வெளிய பாத்துத்தான் திறக்கணும். அப்பத்தான் உள்ள காத்து ஓடும்.”

மனைவி வந்து நாலு குச்சிகளைப் பார்த்தாள். “ஏங்க, செடிய எங்க?”

நான் மணல் வாளியைப் பார்த்தேன். போர்மேன் அசரவில்லை. “ஆளுக உள்ளதான் இருக்காக தாயி. பொங்கலுக்கு வெளிய வருவாக.”

அதன்பின் இரண்டு வாரம் அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை “போதுமா?” அதுவும் சோற்றுக் கரண்டியோடு. மூன்றாவது வாரம் கணுக்களில் செந்தளிர் எட்டிப் பார்த்தது.

பொங்கலன்று மைத்துனர் மண்வெட்டியும் கோணியுமாக வந்தார். செடியில் இளஞ்சிவப்பாக இருபத்திரண்டு பூ. கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டார். பூத்தது நானேதான் என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

போர்மேனும் வந்தார். விரலை நீட்டி ஒவ்வொரு பூவாக எண்ணினார். சாயங்காலம் கம்பெனி வாசலில் ஆட்களை எண்ணி வீட்டுக்கு அனுப்பிய அதே விரல். கடைசிப் பூ வந்ததும் கையை இறக்கினார்.

“எல்லாரும் பத்திரமா வந்துட்டாக தம்பி.”

இப்போது அவர் கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். தீபாவளி முடிந்ததும் நானே வெட்டுகிறேன், நாலு கிளைதான். யாரும் பார்க்காவிட்டாலும், அந்தச் செடியிடம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.