சிவப்புக் கட்டங்களின் சொந்தக்காரர்

மனிதர்களில் கதிரையில் உட்காருகிறவர்கள் ஒரு வகை, உட்காரவைக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் அண்மையில் ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. மண்டபத்தைக் கணினித் திரையில் வரைந்து, ஒவ்வொரு கதிரையையும் ஒரு சதுரக் கட்டமாக்கி, கட்டத்தை ஒருமுறை அழுத்தினால் பெயர் வரவும் இன்னொருமுறை அழுத்தினால் நிறம் மாறவும் செய்துவிட்டு, ஊரே அந்தத் திரைக்குள் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருப்பதாக நம்புகிற பிறவி அது. மலையகத்தில், அட்டன் பக்கம் இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் ஏதாவதொரு கலைவிழாவுக்கு டிக்கெட் வாங்குங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அடையாளம் சொல்லவா? கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். அதில் 'பிரதான அமைப்பாளர்' என்று இருக்கும். அச்சடித்தவரும் அவரே. ஊரே ஸ்வெட்டருக்குள் நடுங்கும்போது அவர் மட்டும் கோட் போட்டிருப்பார். "இருங்க, சிஸ்டத்துல பாத்துத்தான் சொல்லணும்" என்பது அவருடைய மந்திரம். கண்ணெதிரே காலியாகக் கிடக்கும் கதிரையைக் காட்டி "இதுல உக்காரலாங்களா?" என்று கேளுங்கள். கதிரையைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். திரையில் ஆள் இருந்தால் கதிரையிலும் ஆள் இருக்கிறது. தெரியவில்லையா? உங்கள் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி, எங்கள் கலாமன்றச் செயலாளர் யோகேஸ்வரன். 2007இல் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய மண்டபத்தின் டிக்கெட் கவுண்டரில் இந்தக் கட்ட விளையாட்டைப் பார்த்துவிட்டார். போன வேலை மறந்துபோயிற்று. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் அனுப்பிய லெப்டொப்பில், தெரிந்த ஒருவரைப் பிடித்து அதே மாதிரி ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். பச்சை காலி, மஞ்சள் விற்றது, சிவப்பு பிரமுகர். அவர் முதலில் நிறம் தீட்டியது எதை என்கிறீர்கள்? சிவப்பை. மேடையை வரைந்தது அதற்குப் பிறகுதான்.

கொழும்பு மண்டபத்தில் ஆசனங்களைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். நம் மண்டபத்திலோ வாடகைக்கு எடுத்த வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகள். அதனாலென்ன? ஏ-1, ஏ-2 என்று இலக்கம் எழுதிய ஸ்டிக்கரை ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் ஒட்டவைத்தார். சிஸ்டம் பூர்த்தியாயிற்று.

டிக்கெட் கொடுத்த முதல் நாளே வந்தவர் அம்மாக்கண்ணு. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர், அரைநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். காரணம், மகள் பிரியந்தி. விழாவில் அவர்களுடைய தோட்டத்துக் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரிக்கிற கதை, நடக்கவிருந்தது. அந்தத் தோட்டத்தில் அதுவரை ஆண்களே கட்டிவந்த, மன்மதனின் மனைவி ரதியின் வேசத்தை முதன்முதலாக ஒரு பெண் கட்டப்போகிறாள், அது தன் மகள். தோட்டத்தில் கூத்தென்றால் எல்லோரும் தரையில் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். முந்தி வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் மரத்தில். யாரும் எதையும் அழுத்துவதில்லை.

"எங்க உக்காரணும்னு நீங்களே தெரிவு செய்யலாம்மா. அதுதான் இந்த சிஸ்டத்தோட விசேசமே" என்றார் யோகேஸ்வரன்.

"கூத்து எந்தப் பக்கம்ங்க நடக்கும்?"

"மேல இருக்கிற கறுப்புக் கோடுதான் மேடை."

"எம் மக மொகம் தெரியணும்ங்க. தூணு மறைக்காம. அப்ப இதுங்களா?" அம்மாக்கண்ணு விரலை நீட்டினார்.

"ஐயோ, திரையில கை வைக்காதீங்க! கொழுந்துக் கறை புடிச்சிரும்."

விரல் பின்வாங்கியது. டி-11 மஞ்சளாயிற்று. நாலாவது வரிசை, நடுவில். பக்கத்து லயத்து வீட்டு நாகலெட்சுமிக்கு டி-12.

பிறகுதான் சிவப்புப் பெருகத் தொடங்கியது. பிரதேசசபை உறுப்பினர், உறுப்பினராக இருந்தவர், அடுத்தமுறை உறுப்பினராகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர், பஸ் சங்கத் தலைவர், அவருடைய மைத்துனர், அழைப்பிதழில் பெயர் விடுபட்டதால் கோபித்துக்கொண்ட ஒருவர், அவரைச் சமாதானப்படுத்தப் போய் அந்த வீட்டிலேயே தேநீர் குடித்த நால்வர். ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் அழுத்தல், முன்னால் ஒரு புது வரிசை. பத்து நாளில் 'விசேடம்' என்ற பெயரில் ஆறு வரிசைகள். திரையில் எவ்வளவு அழகு! ஏ, பி, சி, டி எல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்துகொண்டன. கட்டங்கள் முறைப்பாடு செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மாக்கண்ணு மண்டபத்துக்குள் வந்து, டி-11ஐத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பத்தாவது வரிசை. நேர் முன்னால், கட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில், மண்டபத்தின் பருத்த தூண்.

எழுந்து, யோகேஸ்வரன் லெப்டொப்போடு உட்கார்ந்திருந்த வாசலுக்குப் போனார். "ஐயா, நீங்க காட்டின எடம் இது இல்லீங்களே."

"ஒங்க சீட் மாறவே இல்லம்மா. டிக்கெட்ல டி-பதினொண்ணு, கதிரையில டி-பதினொண்ணு. முன்னால வரிசை கூடியிருக்கு, அவ்வளவுதான்."

"முன்னால ஆளே இல்லீங்க."

யோகேஸ்வரன் திரையைப் பார்த்தார். "ஃபுல்லு" என்றார்.

மூன்று மணியாயிற்று. ஆறு சிவப்பு வரிசையிலும் இருந்தது பஸ் சங்கத் தலைவரின் குடை மட்டும். பிரதம அதிதியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. இனியும் பொறுக்கமாட்டோம் என்று கூத்துக்காரர்கள் தப்பு மேளத்தை அடித்துவிட்டார்கள். மேடைத் திரைச்சீலை விலகியது. ரதி பாடத் தொடங்கினாள். அம்மாக்கண்ணுவுக்குக் குரல் கேட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தூண் இருந்தது. இடப்பக்கம் சாய்ந்தார். தூண். வலப்பக்கம். தூண்.

எழுந்தார். கதிரையைத் தூக்கினார். மலைச்சரிவில் கொழுந்துக்கூடையைச் சுமக்கிறவருக்குப் பிளாஸ்டிக் கதிரை ஒரு பாரமா? நடுவழியே நடந்து, சிவப்பு வரிசைகளையெல்லாம் தாண்டி, முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையில், பிரமுகர்களுக்கு மாலை போடுவதற்கென்றே விட்டிருந்த வெறுமையில் அதை வைத்து உட்கார்ந்தார்.

யோகேஸ்வரன் ஓடிவந்தார். "என்னம்மா இது! ஒங்க சீட்டுக்குப் போங்க!"

"சீட்டுலதானே உக்காந்திருக்கேன்?" அம்மாக்கண்ணு மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கதிரையின் முதுகைத் தட்டிக் காட்டினார். "டி-பதினொண்ணு. டிக்கெட்லயும் அதேதான். நீங்கதானே சொன்னீங்க, மாறவே இல்லன்னு."

அதற்குள் நாகலெட்சுமி கதிரையோடு வந்துவிட்டார். "நானு பன்னெண்டுங்க. பதினொண்ணுக்குப் பக்கத்துலதானே வரணும்? சந்தேகம்னா சிஸ்டத்துல பாத்துக்குங்க."

அடுத்து டி-13. அடுத்து டி-10. பிறகு ஈ வரிசை, மிக ஒழுங்காக, இலக்கப்படி. இடம் போதாமல் போகவே சிவப்புக் கதிரைகளைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். குடை தன் கதிரையோடு போயிற்று.

யோகேஸ்வரன் என்ன செய்தார்? வாசலுக்கு ஓடி, கட்டங்களைத் திருத்தத் தொடங்கினார். முன்னால் ஒரு வரிசையைச் சேர்க்க ஓர் அழுத்தல் போதும். எழுந்து நடக்கிற ஒருத்தியைத் திரையில் நகர்த்த அவரிடம் பொத்தான் இல்லை. மேடையில் மன்மதன் எரிந்தான். ரதி தலைவிரித்து அழுதாள். அந்த முகத்தை ஆறடி தூரத்திலிருந்து பார்த்து அம்மாக்கண்ணுவும் அழுதார். மண்டபம் எழுந்து கைதட்டியது. யோகேஸ்வரன் நிமிரவில்லை. அவர் திரையில் அம்மாக்கண்ணு இன்னும் தூணுக்குப் பின்னால்தான் இருந்தார், ஆறு வரிசைப் பிரமுகர்களும் அசையாமல் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரமுகர்களை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது, அதில் உங்களைப் போன்றவர் யாராவது வருகிறாரா என்று ஒரு கணம் தேடினீர்களா இல்லையா? தேடியிருந்தால் மனம் தளராதீர்கள். உங்கள் பெயரிலும் ஒரு சிவப்புக் கட்டம் எங்கோ இருக்கிறது. அழுத்தினால் பெயர் வரும். கதிரையை மட்டும் யாரோ சுவரோரம் ஒதுக்கியிருப்பார்கள்.